குடோன் பின்னாடி சேர்க்கவும்

அத்தியாயம் 6

ஒரு மனிதரை ஆயுள் முழுக்க ஜெயிலில் தள்ள மூன்றே மூன்று சொற்கள் போதும் என்பது துப்பறியும் பெண் பட்டாசுக்கு அன்று காலைதான் தெரிந்தது.

"குடோன் பின்னாடி சேர்க்கவும்."

இன்ஸ்பெக்டர் அந்த ஜெராக்ஸ் தாளை மேஜை மேல் நகர்த்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கையெழுத்து மெத்தைக்கடை முதலாளியோடது. அவரே ஒத்துக்கிட்டார். முன்னாடி கடை, பின்னாடி குடோன். பின்னாடி இருக்கற குடோனையும் சேர்த்துப் பாலிசி போடுங்கன்னு ஏஜென்டுக்கு எழுதி அனுப்பியிருக்கார். இருபத்திரண்டாவது நாள் குடோன் எரியுது. உள்ள ஒரு தையல்காரர் கருகிக் கிடக்கார். சந்துல காலி பெயிண்ட் தின்னர் டின் கிடக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? சாமியே இறங்கி வந்து சாட்சி சொல்லணுமா?"

"சாமி வந்தா உங்க ஸ்டேஷன்ல உக்கார நாற்காலி இல்லையே சார்" என்றாள் பட்டாசு.

பக்கத்தில் இருந்த நிதானம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு 'வாயை மூடு' என்று பொருள். ஆறு வருஷமாக அவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பொருள் தெரியும், மூடத்தான் வராது.

நிதானம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் அளந்து அளந்து, அவசரம் என்பதே உடம்பில் இல்லாமல் போன மனிதர். பிறகு தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். கட்டடத்தில் தீப்பிடித்தால்கூட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார் என்று பட்டாசு எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இந்த வழக்கு வந்த பிறகு அந்த ஜோக்கை அவள் சொல்வதில்லை.

"தாளை நான் வெச்சுக்கலாமா?" என்றார் நிதானம்.

"தாராளமா. ஆனா நாலு மணிக்குக் கோர்ட்ல ஆஜர்படுத்தறேன். கொலைன்னுதான் எழுதப் போறேன். அதுக்குள்ள வேற கதை இருந்தா கொண்டாங்க."

வெளியே வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முதலாளியின் மனைவி. நேற்று நிதானத்தின் ஆபீஸுக்கு வந்து, "எங்க வீட்டுக்காரர் ஈ எறும்புக்குக்கூட தீங்கு நினைக்காதவருங்க. யார் பண்ணினதுன்னு கண்டுபிடிங்க. எவனா இருந்தாலும் விடாதீங்க" என்று மேஜையைத் தட்டிச் சொன்னவள். இன்னொருத்தி செத்துப்போன தையல்காரரின் மனைவி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் நாலு பேர் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

பட்டாசு பெஞ்சைப் பார்க்காமல் படியிறங்கினாள். ஸ்கூட்டரை உதைத்தாள்.

"எங்க பாஸ்?"

"ஏஜென்டைப் பார்ப்போம். மெதுவாவே போ."

"நாலு மணிக்குக் கோர்ட்டு. மெதுவாப் போறதாம்!"

* * *

இன்சூரன்ஸ் ஏஜென்டின் ஆபீஸ் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கால் பட்டாலே ஒட்டிக்கொள்ளும் கார்பெட். அவர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார்.

"வாங்க வாங்க! என்ன பாலிசி பார்க்கறீங்க? ஹெல்த்தா? லைஃபா?"

"எரிஞ்ச குடோன் பாலிசி" என்றாள் பட்டாசு.

பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. நிதானம் உட்கார்ந்து, தாளை மேஜையில் விரித்தார்.

"மெத்தைக்கடைக்காரர் உங்ககிட்ட மொதல்ல என்ன கேட்டார்?"

"ஒண்ணும் தெரியாம வந்தாருங்க. இன்சூரன்ஸ்னா எல்லாம் ஒண்ணுதானே, ஒண்ணு போட்டுக் குடுங்கன்னார். நான்தான் உக்கார வெச்சுப் புரியவெச்சேன். தீக்கு வேற, திருட்டுக்கு வேற. வேலை செய்யற ஆளுக்கு அடிபட்டா அதுக்குத் தனி. கடைக்கு வந்த ஆளு வழுக்கி விழுந்து கேஸ் போட்டா அதுக்கும் தனி. ஒரு கட்டடத்தை எழுதினா பக்கத்துக் கட்டடம் தானா வந்துடாது, ரெண்டையும் எழுதணும். சரக்கோட மதிப்பைக் குறைச்சுச் சொன்னா நாளைக்கு நஷ்டஈடும் குறைஞ்சுதான் வரும்னு அதையும் சொன்னேன்."

"நல்லா சொல்லியிருக்கீங்க. அவரு?"

"தலையைப் பிடிச்சுக்கிட்டாரு. இவ்வளவும் என்னால கட்ட முடியாது, எது முக்கியம்னு வீட்ல யோசிச்சு எழுதி அனுப்பறேன்னார். மறுநாள் இந்தத் தாளை போட்டோ பிடிச்சு அனுப்பினார்."

பட்டாசு எட்டிப் பார்த்தாள். ரூல் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்.

1. கடை – தீ, திருட்டு
2. முன்பக்கக் கண்ணாடி
3. தையல் மிஷின் ஐந்து
4. ஆள் ஆறு பேர் – விபத்து

நாலாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே, நம்பர் இல்லாமல், அந்த மூன்று சொற்கள்.

"ஆளைக் கொல்லத் திட்டம் போட்டவரு, ஆளுங்களோட விபத்துப் பாலிசிக்கா ரெண்டு கோடு போடுவாரு?" என்றாள் பட்டாசு.

"நானும் அதையேதான் போலீஸ்ல சொன்னேன். பார்த்தீங்களா, அதுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்கான்னு திருப்பிட்டாங்க."

அதுவும் சரிதான். ஒருவன் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அவன் நல்லது செய்ததும் குற்றக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

நிதானம் ஐந்தாவது வரியின் ஓரத்தில் விரலை வைத்தார். "நாலுக்கும் நம்பர் போட்டிருக்கார். இதுக்கு மட்டும் போடலையே?"

"மறந்திருப்பாரு."

"போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"எதுக்குங்க? தெளிவா இருக்கே. பின்னாடி இருக்கற குடோன், அதையும் சேர்க்கணும். சேர்த்துட்டேன்."

"குடோனைச் சேர்த்தா உங்க கமிஷன் ஏறும், இல்ல?"

ஏஜென்ட் பேனா மூடியைத் திருகினார்.

"தொகை கூடியிருக்குமே, அதைப் பார்த்தாவது அவர் கேட்டிருப்பாரே?"

"அது... கையெழுத்தெல்லாம் வெறும் ஃபாரத்துலயே வாங்கிட்டேங்க. செக்கும் தொகை போடாமதான் குடுத்தார். பதினஞ்சு வருஷப் பழக்கம். எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க. யாருங்க உக்காந்து படிக்கறா?"

"படிச்சிருந்தா ஒரு ஆள் உயிரோட இருந்திருப்பார்" என்றார் நிதானம். குரல் உயரவில்லை. ஆனால் ஏஜென்டின் முகம் சுண்டிப்போனது.

"பாலிசி பத்திரத்தை அவர்கிட்ட நேர்ல குடுத்தீங்களா?"

"இல்லைங்க. கம்பெனியிலிருந்து நேரா கொரியர்ல கடைக்குப் போயிடும்."

படி இறங்கும்போது பட்டாசு பொறுக்க முடியாமல் கேட்டாள். "உயிரோட இருந்திருப்பார்னு ஏன் பாஸ் சொன்னீங்க? பாலிசி படிக்கறதுக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்?"

"இன்னும் எனக்கே முழுசாத் தெரியல. ஒருத்தனுக்கு எதைப் பார்த்துப் பயம்னு தெரிஞ்சுக்கணும்னா அவன் எடுத்த பாலிசியைப் படிக்கணும். இந்த மனுஷனுக்குத் திருடனைப் பார்த்துப் பயம், கண்ணாடி உடைஞ்சுடுமோன்னு பயம், ஆளுங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ரொம்பப் பயம். இவ்வளவு பயந்தவர் குடோனைப் பத்தி மட்டும் நம்பர்கூடப் போடாம எழுதியிருக்கார். அது உறுத்துது."

* * *

மெத்தைக்கடையின் முன்பக்கம் தப்பித்திருந்தது. கண்ணாடிக்குள் பூப்போட்ட மெத்தைகள் அடுக்கியபடியே இருந்தன. உள்ளே நுழைந்தால்தான் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. கடைக்கும் குடோனுக்கும் இடையில் இருந்த கதவு இப்போது வெறும் கரிச்சட்டம். அதற்கு அப்பால் மேலே பரண் இருந்த இடம். தையல்காரர் மதியத்தில் அங்கேதான் படுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அவசர ஆர்டர் ஒன்றை முடிக்க முதலாளி தன் கடைச் சாவியைக் கொடுத்து அவரை வரச் சொல்லியிருக்கிறார். 'சாவியைக் கொடுத்து உள்ளே அனுப்பினதே இந்த ஆளுதானே' என்று அதையும் போலீஸ் குறித்துக்கொண்டிருந்தது.

தீ மூட்டியவன் கடைப்பக்கத்துக் கதவருகே தின்னரை ஊற்றிப் பற்றவைத்துவிட்டு, சந்துப்பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி வெளிப்பக்கம் பூட்டிவிட்டான். விழித்துக்கொண்ட தையல்காரருக்கு ஒருபக்கம் நெருப்பு, இன்னொரு பக்கம் பூட்டு. சந்துக் கதவின் உள்பக்கத்தில்தான் அவர் கிடைத்தார்.

பட்டாசு அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

"உக்காருங்க சார், உக்காருங்க மேடம்." இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான் ஓர் இளைஞன். முதலாளியம்மாவின் தம்பி. முப்பது வயதிருக்கும். தாயில்லாத பிள்ளையை அக்காதான் வளர்த்து, கல்யாணமானபோது கையோடு கூட்டி வந்தாள். கடையில் வேலை செய்பவர்கள் அவனைச் சின்னவர் என்பார்கள். குடோன் பொறுப்பு அவனுடையது. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"மாமாவுக்கு இன்சூரன்ஸ் பத்தி ஒண்ணுமே தெரியாது சார். குடோனுக்கு இப்போ முடியாது, அடுத்த வருஷம் பார்ப்போம்னு எங்க எல்லார்கிட்டயும் சொன்னார். குடோனுக்குப் பாலிசியே இல்லைன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சிட்டிருந்தோம்."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னோமே. வீட்டு ஆளுங்க பேச்சுன்னு தள்ளிட்டாங்க."

"தாள்ல இருந்தா நம்புவாங்க" என்றார் நிதானம்.

அப்போதுதான் அவர் கண் சுவரில் போய் நின்றது. தையல் மிஷின்களுக்கு மேலே ஒரு கட்டிலின் தலைமாட்டு மெத்தை தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல சிவப்பு வெல்வெட். ஆனால் முகப்பில் ஒரு பட்டன்கூட இல்லை. மொழுமொழுவென்று இருந்தது.

"இது என்ன, மொட்டைத் தலை?" என்றாள் பட்டாசு.

மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் தலையைத் தூக்கினாள். மெத்தைகளுக்குப் பட்டன் கட்டும் வேலை அவளுக்கு. பெயரே பட்டனக்கா என்று ஆகிவிட்டது.

"அதைத் திருப்பிப் பாரும்மா."

பட்டாசு திருப்பினாள். சுவர்ப் பக்கமாக, யார் கண்ணிலும் படாத பின்பக்கத்தில், வரிசையாக இருபது பட்டன்கள் அழுத்தமாக அடிக்கப்பட்டிருந்தன.

"அய்யோ! எந்தப் புண்ணியவான் வேலை இது?"

"போய்ச் சேர்ந்தாரே, அவருதான்." பட்டனக்காவின் குரல் உடைந்தது. "முதலாளி சீட்டுல எழுதினாரு, 'பட்டன் பின்னாடி அடிக்கவும்'னு. துணி மொதல்ல கொஞ்ச நாள் இழுபடட்டும், அப்புறமா பட்டன் அடிக்கலாம்னு அவரு நெனப்பு. இவரு பின்பக்கத்துல அடிச்சு வெச்சுட்டாரு. கஸ்டமர் வந்து கத்தோ கத்துன்னு கத்தறாரு. முதலாளி திட்டவே இல்ல. விழுந்து விழுந்து சிரிச்சாரு. சம்பளத்துல பைசா பிடிக்கல. 'தப்பு என் தமிழ் மேல'ன்னு அதை அப்படியே சுவத்துல மாட்டிட்டாரு. அன்னியிலிருந்து எங்களுக்கெல்லாம் அத்துப்படி. முதலாளி பின்னாடின்னு எழுதினா அப்புறம்னு அர்த்தம். முதுகுப் பக்கத்தைச் சொல்லணும்னா பின்பக்கம்னுதான் எழுதுவாரு."

பட்டாசு நிதானத்தின் பக்கம் திரும்பினாள். "பாஸ்!"

"சீட்டெல்லாம் இருக்காம்மா?" என்று கேட்டார் நிதானம், என்னவோ மழை வருமா என்று கேட்பதுபோல.

இருந்தது. ஒரு நீளக் கம்பியில் வேலைச் சீட்டுகளைக் குத்திக் குத்தி முழங்கால் உயரத்துக்குச் சேர்த்து வைத்திருந்தார்கள். பட்டாசு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவினாள். 'உறை இப்போது வேண்டாம், பின்னாடி தைக்கவும்.' 'பாக்கித் துணி பின்னாடி வாங்கிக்கொள்ளலாம்.' 'ஜிப் பின்பக்கம் வைக்கவும்.' 'பின்பக்க வாசல் வழியாக இறக்கவும்.' ஒரு மணி நேரம் போனது. பின்னாடி என்று பதினொரு சீட்டு. பதினொன்றும் 'அப்புறம்'தான். பின்பக்கம் என்று எட்டு. எட்டும் முதுகுப் பக்கம்தான். ஒன்றுகூட மாறவில்லை.

"குடோன், அப்புறம் சேர்க்கவும்!" பட்டாசு துள்ளி எழுந்தாள். "அதான் நம்பர் போடலை! இந்த வருஷத்துக்கு நாலு, குடோனை அப்புறமாப் பார்த்துக்கலாம்! குடோனுக்கும் ஆளுங்களுக்கும் சேர்த்துக் கட்டக் காசு இல்ல, மனுஷன் ஆளுங்களை எழுதிட்டு குடோனை விட்டிருக்கார்! அந்த ஏஜென்ட் முட்டாள் இடம்னு படிச்சுட்டான்! பாலிசி இருக்கறதே முதலாளிக்குத் தெரியாது பாஸ். தெரியாத பாலிசிக்காக எவன் குடோனை எரிப்பான்?"

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "மாமா வந்துடுவாரா மேடம்?"

"வந்துடுவார். கவலையே படாதீங்க" என்று அவன் தோளில் தட்டினாள் பட்டாசு. பிறகு பல நாள் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது.

நிதானம் துள்ளவில்லை. பட்டனக்காவின் பக்கத்தில் குந்தினார்.

"குடோன்ல ஃபோம் ரோல் எவ்வளவு இருந்துச்சும்மா?"

"தெரியாதுங்க. நிறைய இருக்கும்னு பேரு. ஒரு மாசமா எங்களை உள்ள விடறதில்ல. வேணுங்கறதைச் சின்னவரே எடுத்துக் குடுத்துடுவாரு. திங்கக்கிழமை முதலாளியே உக்காந்து எல்லாத்தையும் எண்ணறதா இருந்துச்சு. அதுக்குள்ளதான் ஞாயித்துக்கிழமை இப்படி ஆயிடுச்சே."

நிதானம் எழுந்து கொரியர் ஆபீஸ் வரை போய்விட்டு வந்தார். பிறகு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். முதலாளியம்மாவையும் கூட்டி வரும்படி கேட்டுக்கொண்டார்.

* * *

இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து பத்தொன்பது சீட்டையும் பார்த்தார். தலைமாட்டு மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏட்டைக் கூப்பிட்டு ஒருமுறை படிக்கச் சொன்னார். மனுஷன் மோசமானவர் இல்லை.

"சரி. சொல்லோட அர்த்தம் அப்புறம்தான். ஒத்துக்கறேன்" என்றார்.

முதலாளியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கும்பிட்டு முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஆனா எழுதினப்போ தெரியாதுங்கறது வேற, எரிஞ்சப்போ தெரியாதுங்கறது வேற. பாலிசி பத்திரம் கொரியர்ல வந்திருக்கு. குடோனும் சேர்ந்திருக்குன்னு மொதப் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அந்தக் கவர் உங்க வீட்டுக்காரர் மேஜை டிராயர்ல இருந்துச்சு. பிரிச்ச கவர். படிச்சிருக்கார், சேர்ந்துட்டது தெரிஞ்சிருக்கு, எரிச்சிருக்கார். நான் கவரைப் பார்க்கவே இல்லைங்கறார். அதை நான் எப்படி நம்பறது?"

பட்டாசு கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றேகால்.

"இன்ஸ்பெக்டர் சொல்றது சரி" என்றார் நிதானம். "வழக்கே அந்தக் கவர்தான். இந்தக் கடையில முதலாளியிலிருந்து பட்டனக்கா வரைக்கும் அத்தனை பேருக்கும் குடோனுக்குப் பாலிசி இல்லைன்னுதான் தெரியும். பாலிசி இல்லாத குடோனை எரிச்சா முதலாளி தெருவுக்கு வந்துடுவார். அப்படி அவரை அழிக்கணும்னு நினைக்கற எதிரி யாரும் இல்ல. ஆனா ஒருத்தன் குடோன் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியில வித்துட்டான். திங்கக்கிழமை எண்ணினா மாட்டிக்குவான். எரிச்சுடலாம்னு தோணுது. ஆனா மனசு வரல, முதலாளி நாசமாப் போயிடுவாரேன்னு. அந்த நேரத்துல ஒரு கவர் வருது. பிரிச்சுப் பார்த்தா குடோனுக்கும் பாலிசி இருக்கு. இன்சூரன்ஸ் காசு முதலாளிக்கு வந்துடும், நம்ம தப்பும் சாம்பலாயிடும், யாருக்கும் நஷ்டமில்ல. அவனுக்கு அந்தப் பாலிசி அனுமதிச் சீட்டு மாதிரி ஆயிடுச்சு. பிரிச்ச கவரை முதலாளி டிராயர்ல போட்டுட்டான்."



நிதானம் முதலாளியம்மாவின் பக்கம் திரும்பினார். பட்டாசு அவர் இவ்வளவு தயங்கிப் பார்த்ததில்லை.

"கொரியர்க்காரன் சீட்டுல இருக்கறது உங்க கையெழுத்தும்மா. கவரை நீங்கதான் வாங்கியிருக்கீங்க. வாங்கி என்ன பண்ணினீங்க?"

"நானா? நான் கல்லாவுல இருந்தேன். அவர் வெளியில போயிருந்தார். கவரைப் பிரிக்கல, நான் எதையும் பிரிக்க மாட்டேன். மாமாகிட்ட குடுத்துடுன்னு..."

நின்றுவிட்டாள்.

சொல்லும்போதே அவள் கண் துணி வெட்டும் மேஜைப் பக்கம் போயிருந்தது. அங்கே அவள் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவன் அழுகை நின்றிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

பட்டாசுக்கு அப்போதுதான் உறைத்தது. குடோனுக்குப் பாலிசியே இல்லை என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம் என்று முதலில் சொன்னவன் இவன். கவர் கைக்கு வந்த ஒரே ஆளும் இவன். அடப்பாவி! அவன் தோளில் தட்டி வேறு கொடுத்திருக்கிறாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "மாமாகிட்ட குடுத்துடுன்னு யார்கிட்ட குடுத்தீங்க?"

அவள் சொன்னால்தான் உண்டு. கவரில் ஆயிரம் கை பட்டாகிவிட்டது. வேறு சாட்சி கிடையாது. சொன்னால் புருஷன் வெளியே வருவான், தம்பி உள்ளே போவான். சொல்லாவிட்டால் நாலு மணிக்குப் புருஷன் கொலைகாரன். எவனா இருந்தாலும் விடாதீங்க என்று நேற்று மேஜையைத் தட்டினாளே, அந்தக் கை இப்போது புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது நாம்தானே என்று நினைத்தாள் பட்டாசு.

தம்பி இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"அக்கா." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "நீதான் பிரிச்சேன்னு சொல்லுக்கா. பிரிச்சுட்டு மறந்து டிராயர்ல வெச்சுட்டேன்னு சொல்லு. பொம்பளைன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மாமாவும் வந்துடுவாரு. நானும்... அக்கா, ப்ளீஸ்க்கா."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நிதானம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

முதலாளியம்மா தம்பியையே பார்த்தாள். அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, தலை வாரிவிட்டு ஆளாக்கியவள்.

"தையல்காரர் உள்ள இருந்தது உனக்குத் தெரியுமாடா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா. உன் மேல சத்தியம். ஞாயித்துக்கிழமை யாரு இருப்பான்னு நெனச்சேன். பரண்ல படுத்திருந்தாரு போல, நான் பார்க்கல."

"பூட்டின அப்புறம்? கதவைத் தட்டியிருப்பாரே. உனக்குக் கேக்கலையா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுடா. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

பட்டனக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன கேட்டுச்சு?"

"கதவு இடுக்குல என்னைப் பார்த்துட்டாரு. தம்பி, கதவைத் திறன்னாரு. நான் பூட்டினது தெரியாம, காப்பாத்த வந்திருக்கேன்னு நெனச்சுக் கூப்பிட்டாருக்கா. சாவி என் கையிலதான் இருந்துச்சு. திறந்தா நான்தான்னு எல்லாருக்கும்... கால் நகரவே இல்லக்கா. அப்புறம் சத்தம் நின்னுடுச்சு."

அவன் அக்காவின் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. தையல் மிஷின்களைப் பார்த்தாள். ஐந்து மிஷினில் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது.

"எழுதிக்கோங்க சார்" என்றாள். "கவரை நான் பிரிக்கல. இவன் கையிலதான் குடுத்தேன். மாமாகிட்ட குடுத்துடுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"அக்கா!"

இன்ஸ்பெக்டர் ஏட்டுக்குச் சைகை காட்டினார். ஏட்டு வெட்டுமேஜை மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார்.

பாதியில் ஏட்டு தலையைத் தூக்கினார். அவருக்கு அது வழக்கமான கேள்வி. ஒவ்வொரு வாக்குமூலத்திலும் கேட்டு எழுதுவது.

"இவர் உங்களுக்கு என்ன உறவும்மா?"

ஏட்டு காத்திருந்தார். சந்துக் கதவுக்குப் பின்னால் நின்ற அந்த மனிதர் கடைசியாகக் கூப்பிட்ட சொல் அது. இனி இந்த ஜென்மத்தில் அதை அவள் எப்படிச் சொல்லுவாள்?

"கேட்கறேன்ல? என்ன உறவு?"

"தம்பி" என்றாள். "கூடப்பிறந்த தம்பி."

ஏட்டு எழுதிக்கொண்டார்.